வாய்ப்பூட்டு அக்காவின் தாகம்

கட்டட கான்ட்ராக்டர்கள் எங்கள் காப்பீட்டு ஏஜென்சியின் படியேறுவது இரண்டே காரணங்களுக்காக. வேலை தொடங்கும் முன் காப்பீடு எடுக்க. எதையாவது யார் மேலாவது போட்டுவிட்ட பிறகு திருதிருவென்று முழிக்க. முதல் வகையை நான் பார்க்கிறேன். இரண்டாம் வகை முழுக்க எதிர் மேசைக்கு. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் கான்ட்ராக்டர்கள் வைத்த பெயர் வாய்ப்பூட்டு அக்கா.

தொலைபேசியில் யார் பதறினாலும் அக்கா முதலில் கேட்பது, "யாருக்காவது அடிபட்டிருக்கா?" அடுத்தது, "நீங்க வாயைத் திறந்தீங்களா?" விபத்து நடந்ததும் கான்ட்ராக்டர் முந்திக்கொண்டு தன் தப்புதான் என்று சொல்லிவிட்டால், காப்பீட்டு நிறுவனம் அதையே காட்டிக் கைவிரித்துவிடலாம். பாலிசியின் பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்த கான்ட்ராக்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதனால் அக்கா ஒரு தாளில் கொட்டை எழுத்தில் அச்சடித்து, ஒவ்வொரு பாலிசியோடும் சேர்த்துக் கொடுப்பார். போட்டோ எடுங்கள். எனக்குப் போன் செய்யுங்கள். வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், பழைய கட்டடங்களை இடிக்கும் வேலை செய்த ஒருவர், பக்கத்து வீட்டுச் சுவர் சாய்ந்ததும், தெருவே கூடி நிற்க, "எல்லாம் என் தப்பு, நான் பார்த்துக்கறேன்" என்று கும்பிட்டுவிட்டார். நல்ல மனிதர். நிறுவனம் கைவிரித்தது. இருந்த இயந்திரங்களை எல்லாம் விற்றுத் தீர்த்து, இப்போது வேறு யாரோ கட்டுகிற கட்டடத்துக்குக் காவல் இருக்கிறார். முன்கூட்டியே எச்சரிக்காமல் விட்டோமே என்ற உறுத்தல் அக்காவுக்கு இன்னும் போகவில்லை. அவர் காவல் இருக்கும் பக்கம் போக வேண்டி வந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். வண்டியும் பெட்ரோலும் என்னுடையவை.

சொல்ல வந்தது தையல்காரம்மா விஷயம். ஒல்லி என்று நாங்கள் கூப்பிடும் கான்ட்ராக்டர் ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். சாரத்திலிருந்து ஒரு பலகை நழுவி, கீழே நடந்துபோன தையல்காரம்மாவின் வலது மணிக்கட்டை முறித்தது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை. மூன்று வாரத்துக்குள் ஆபரேஷன் செய்து தகடு வைக்காவிட்டால் விரல்கள் சரியாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒல்லி உடனே போன் செய்தார். "வாயைத் திறக்கலக்கா."

"நல்லது. அப்படியே இருங்க தம்பி."

அதிசயமாக, இந்த முறை நிறுவனம் இழுத்தடிக்கவில்லை. ஆபரேஷன் செலவை நேராக மருத்துவமனைக்கே கட்டிவிடுவதாகச் சொன்னது. தையல்காரம்மா தன் மருத்துவச் சீட்டுகளைக் கொடுத்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அவரோ கதவையே திறக்கவில்லை. நிறுவனத்தின் ஆள் இரண்டு முறை போய், இரண்டு முறையும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பதினாறு நாள் ஓடிவிட்டது.

"இன்னும் அஞ்சே நாள்தான் இருக்கு. வண்டியை எடு," என்றார் அக்கா.

வீடு இரண்டாம் மாடியில். மணி அடித்தும் பதில் இல்லை. அக்கா மூச்சு வாங்கியபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கையெழுத்து வேணாம், ஒண்ணும் வேணாம். உங்க கை போயிடும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சங்கிலி மாட்டிய கதவு நாலு விரல் அகலம் திறந்தது. "அவ்வளவு அக்கறை இருக்கறவங்க எதுக்கு ஆள் வெச்சு வேவு பார்க்கறீங்க?"

"வேவா?"

"தினம் சாயங்காலம் எதிர்ல ஒரு நீல வேன். உள்ள ஒருத்தன் என் ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கான். நான் கையை அசைச்சா படம் பிடிச்சு, எல்லாம் நடிப்புன்னு சொல்லத்தானே? என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு அப்படித்தான் பண்ணாங்க. இப்பக்கூட நிக்குது, போய்ப் பாருங்க."

அப்படிச் செய்கிற நிறுவனங்கள் உண்டு. அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. முட்டிவலிக்காரர், இரண்டு மாடியை எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. போய் வேனின் கண்ணாடியை உடைத்துவிடுகிற மாதிரி தட்டினார்.

உள்ளே ஒல்லி. பக்கத்து இருக்கையில் ஒரு பை நிறையப் பழங்கள். அடியில் இருந்தவை கறுத்துப்போயிருந்தன.

"இங்க என்ன தம்பி பண்றீங்க?"

"பேசக் கூடாதுன்னுதானேக்கா சொன்னீங்க. பார்க்கக் கூடாதுன்னு சொல்லலையே." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "அந்தம்மா நடமாடறாங்களான்னு பார்த்துட்டுப் போயிடுவேன். பழம் குடுத்தா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமோன்னு அதையும் குடுக்கல."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடத்தில் அக்கா சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்ட ஒரே கான்ட்ராக்டர் இவர்தான். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. இவ்வளவு கூனிக்குறுகி அவரை நான் பார்த்ததே இல்லை.

"எறங்குங்க. மேல போகலாம்," என்றார்.

"என்னக்கா பேசறது?"

"கை எப்படி இருக்குன்னு கேளுங்க. அதை எந்தப் பாலிசியும் தடுக்கல."

ஒல்லியின் கண்களைப் பார்த்தோ என்னவோ, தையல்காரம்மா சங்கிலியை எடுத்துவிட்டார். உள்ளே தையல் மிஷின் உறை போட்டுக் கிடந்தது. பாதி தைத்த பள்ளிச் சட்டைகள் கொக்கியில் தொங்கின. "வேவு பார்க்க வந்த ஆள் இல்லம்மா. இவர்தான் அந்தக் கான்ட்ராக்டர். இவர் வாயைக் கட்டிப் போட்டது நான்," என்றார் அக்கா. ஒல்லி கேட்க வேண்டியதைக் கேட்டார். பழப் பையை இன்னும் கையிலேயே பிடித்திருந்தார்.

தையல்காரம்மா அவரையும் பழப் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பலகை ஏன் விழுந்துச்சு? யார் தப்பு? அது தெரியாம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஒல்லி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பதினோராம் பக்கம் அப்படியே நடு வீட்டில் வந்து நின்றது. பேசாவிட்டால் தையல்காரம்மாவின் கை போகும். பேசினால் நிறுவனத்துக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் அக்கா அதை எழுதியாக வேண்டும். காதில் விழுந்த எதையும் அவர் இதுவரை எழுதாமல் விட்டதில்லை. எழுதினால், இன்னொரு கட்டடத்துக்கு இன்னொரு காவல்காரர்.

அக்கா எழுந்தார். "எனக்குத் தாகமா இருக்கு. சமையலறை எந்தப் பக்கம்?"

அவர் கைப்பையில் ஒரு பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. நான்தான் நிரப்பிக் கொடுத்திருந்தேன். சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. குழாயை முழுசாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். என்னை யாரும் ரிப்போர்ட் எழுதச் சொல்லவில்லை.

குழாய் வெகுநேரம் ஓடியது. அக்கா வெளியே வந்தபோது தையல்காரம்மா இடது கையால் படிவத்தில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லி நல்ல பழங்களைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாம் நாள் ஆபரேஷன் நடந்தது. விரல்கள் மடங்குகின்றன, மோதிர விரல் மட்டும் கொஞ்சம் சண்டித்தனம் செய்கிறதாம். ரிப்போர்ட்டைப் படித்த நிறுவனத்து அதிகாரி போன் செய்தார்.

"அவங்க ரெண்டு பேரும் பேசினப்ப நீங்க எங்க மேடம் இருந்தீங்க?"

"எழுதியிருக்கேனே சார். தண்ணி குடிச்சிட்டிருந்தேன்."

"பத்து நிமிஷமாவா?"

"நல்ல தாகம் சார்."

ஒல்லி என்ன சொன்னார் என்று அக்கா இன்றுவரை என்னைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. பாலிசியோடு கொடுக்கும் அந்தத் தாளில் மட்டும் ஒரு வரி கூடியிருக்கிறது. அடிபட்டவரைப் போய்ப் பாருங்கள்.

புதுத் தாள் அச்சாகி வந்த அன்று மாலை, வழக்கம்போலச் சுற்றுத் தெருவுக்கு வண்டியைத் திருப்பினேன். அக்கா என் தோளைத் தட்டி, "நேரா போ," என்றார். அந்தக் கட்டடத்து வாசலில் இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவல்காரரிடம் போய், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். கேட்க அவருக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.