மாடிப்படியில் விழுகிறவர்

லிஃப்ட் பழுதானால் எல்லாரும் கூப்பிடுவது இவரைத்தான். அப்படிப்பட்டவருக்கு 'மாடிப்படி' என்று பட்டப்பெயர் வந்தது கொடுமை. புருவத்தில் தையல், கையில் கட்டு, எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "மாடிப்படியில விழுந்துட்டேன்." லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படியில் என்ன வேலை என்று வேலையிடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். விலா வலிக்காத நாட்களில் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அடித்தது மனைவி. கையில் எது கிடைக்கிறதோ அது. ஒருநாள் குக்கர் மூடி குறி தவறி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளின் காதோரம் பறந்தது. மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு குடும்ப வன்முறை உதவி மையத்துக்குப் போனார். அப்பாவும் மகளும் சேர்ந்து தங்க ஓர் இடம் வேண்டும். கேட்க வந்தது அவ்வளவுதான்.

"என்ன பிரச்சனை?" என்றாள் வரவேற்பில் இருந்தவள், தலையைத் தூக்காமலே.

"வீட்ல அடி, உதை மேடம்."

"ஆம்பளைங்கன்னா கடைசி ரூம். பாப்பா பெஞ்சுல உக்காரட்டும்."

அடி என்றால் யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று அந்தச் சொல்லிலா எழுதியிருக்கிறது? கடைசி அறையில் நடந்தது, பெண்டாட்டியை அடிக்கிறவர்களைத் திருத்தும் வகுப்பு.

"நான் அடிச்சேன்னு எழுந்து ஒத்துக்கணும்" என்றார் வகுப்பு எடுப்பவர்.

"நான் அடி வாங்குனேன் சார்."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் மழுப்புவாங்க."

பக்கத்திலிருந்த கறிக்கடைக்காரர் கிசுகிசுத்தார்: "ஒத்துக்கங்கண்ணே. ஒத்துக்கிட்டா, வீட்டுக்குப் போகாம தனியா தங்க மாடியில ரூம் தருவாங்க."

ரூம் என்றதும் நம்மவர் எழுந்துவிட்டார். "அடிச்சேன்." கைதட்டல் காதைப் பிளந்தது. வாத்தியார் கண்கலங்கிப்போய்ச் சாவியைக் கொடுத்தார்.

"பொண்ணையும் கூட்டிட்டுப் போகலாமா சார்?"

"அடிக்கிறவர்கிட்ட எப்படிங்க குழந்தைய விடறது? அம்மாகிட்ட விட்டுட்டு வாங்க."

நம்மவர் சாவியை மேசையில் வைத்தார். "அப்ப நான் அடிக்கல."

"அப்ப ரூம் இல்ல."

"சரி, அடிச்சேன்."

"அப்ப குழந்தை இல்ல."

இந்தக் கூத்தை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சத்தம் கேட்டு மகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"எங்கப்பா யாரையும் அடிக்க மாட்டாரு. அவரு மாடிப்படியிலதான் விழுவாரு."

"எந்த மாடிப்படி பாப்பா?" என்றார் வாத்தியார்.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "எங்க வீட்ல மாடியே இல்ல. யாராச்சும் கேட்டா அப்படிச் சொல்லணும்னு அப்பா சொல்லிக்குடுத்தாரு."

கறிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வாத்தியார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"அடி வாங்குற ஆம்பளைக்கு இங்க ரூம் கிடையாது. குழந்தைக்கு உண்டு. துணைக்குப் பெரியவங்க ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகலாம். யாரைக் கூட்டிட்டுப் போற?"

அவள் யோசிக்கவே இல்லை. அப்பாவின் விரலைப் பிடித்தாள்.

மாடிக்குப் போகிற லிஃப்ட் பழுது. பழக்க தோஷத்தில், சரி பண்ணட்டுமா என்று கேட்டு நின்றவரை அவள் இழுத்துக்கொண்டு நடந்தாள். அவருக்கு அழுகை முட்டியது. கண்ணீர் மறைக்க, முதல் படியிலேயே கால் தடுக்கியது.

"பாத்து வாங்கப்பா," என்றாள் மகள். "இது நிஜப் படி."