அண்ணன் காயவிட்ட ஒன்பதாவது குழி

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னபோது மதினி ஒரு நிபந்தனை போட்டார். "நல்லத மட்டும் எழுது ஈசுவரி. பழைய சண்டைய எல்லாம் இழுக்காத" என்றார்.

நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் நம் சொந்தக்காரர்கள் பலர் அண்ணனைப் பற்றி ஏழு வருடமாக ஒரு பேச்சை வாய்க்குள் வைத்திருக்கிறீர்கள். துக்கத்துக்கு வந்தபோதும் வைத்துக்கொண்டுதான் வந்தீர்கள். பந்தலில் நான் தண்ணீர்ச் செம்போடு போனபோது, "அந்தப் பந்து மைதானத்துல என்னமோ தண்ணி வெவகாரம்" என்று ஆரம்பித்த பேச்சு என்னைப் பார்த்ததும் நின்றது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அதைத் தாண்டிக் குதித்துவிட்டு "அன்பானவர், பண்பானவர்" என்று எழுதினால் இந்த மலர் பாதிப் பொய்.

அண்ணன் பிறந்தது மார்க்கையன்கோட்டை. அவருக்கு ஒன்பது வயது இருக்கும்போது நான் பிறந்தேன். வேறு பிள்ளைகள் இல்லை. எங்கள் அப்பா வாய்க்கால் நீர்பாய்ச்சி. அணையில் தண்ணீர் திறந்து எங்கள் வாய்க்காலுக்கு வந்ததும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று மடையைத் திறந்து அடைக்கிற வேலை. அப்பாவுக்கு இடுப்பு போனதும் அந்த மண்வெட்டி அண்ணன் தோளுக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் தேறியிருந்தார். மேலே படிக்க ஆசை இருந்தது, போகவில்லை. என்னைப் படிக்க வைத்தார். என் கல்யாணத்தை அவர்தான் முன்நின்று செய்தார். இன்று பெரியகுளத்தில் நான் மாவு மில் நடத்துகிறேன் என்றால் அது அவர் போட்ட பாதை.

முக்கால் ஏக்கர் வயலில் அவருக்கும் பிழைப்பு ஓடவில்லை. தொண்ணூற்றேழில் எங்கள் சின்ன மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு செய்தியோடு வந்தார். மாமாவுக்குத் தேவதானப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. தோப்பை ஒட்டி வெளியூர் முதலாளி ஒருவர் நிலம் வாங்கி விடுதி கட்டி, கோல்ஃப் மைதானமும் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, புல்லு வளக்கச் சம்பளத்துக்கு ஆள் தேடுறாக. நம்மாளுகளுக்குப் புல்லப் பிடுங்கத்தான் தெரியும். நீ வந்து பாரு" என்றார் மாமா.

அண்ணன் போனார். ஆறே மாதத்தில் அவர்தான் அங்கே புல் மேஸ்திரி.

அந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மொத்தம் ஒன்பது குழி. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு நெல்லடிக்கும் களம் அளவுக்கு வழுவழுப்பான புல்தரை. அதைக் கிரீன் என்பார்கள். அங்கே புல், நெல்மணியை நிறுத்திவைத்த உயரத்தைத் தாண்டக் கூடாது. பந்து தடுக்காமல் உருள வேண்டும். இடையில் இருக்கும் பெரிய புல்வெளி வெயிலில் பழுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். கிரீன் பழுத்தால் மேஸ்திரியைக் கேட்பார்கள்.

ஒன்பதாவது குழி மேனேஜர் அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. மைதானம் போட வந்த வெளியூர்க்காரர்கள் நட்ட புல் எட்டுக் குழியில் பிடித்தது, அங்கே மட்டும் அழுகிவிட்டது. அவர்கள் கைகழுவிப் போன பிறகு அண்ணன் மற்றக் குழிகளிலிருந்து வேரும் கணுவுமாகக் கிள்ளி வந்து, முழங்காலிட்டு, நாற்று நடுவதைப் போல ஒவ்வொன்றாக நட்டார். கூட நட்டது களையெடுக்க வந்த பொன்னுத்தாயி. அதிலிருந்து அதற்கு மேஸ்திரி கிரீன் என்றே பெயர். முதலாளி வந்தாலும் அங்கே நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்வார்.

கோடையின் கடைசி வாரங்கள்தான் புல்லுக்குக் கண்டம். கத்திரி முடிந்தும் வெயில் விடாது. மேற்கேயிருந்து காற்று முதலில் வந்துவிடும், மழை வராது. அந்தக் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். அப்போது அண்ணன் வெட்டும் மிஷினின் பிளேடைக் கொஞ்சம் தூக்கி வைப்பார். உரத்தைக் கண்ணில் காட்ட மாட்டார். புல்லில் காலை வைத்து எடுத்துப் பார்ப்பார். மிதிபட்ட புல் நிமிர்ந்தால் அடுத்த குழிக்குப் போய்விடுவார். தடம் அப்படியே கிடந்தால்தான் தண்ணீர். மத்தியானம் ஹோஸின் வாயை விரலால் அமுக்கிப் பூத்தூறலாக ஒரு சுற்றுத் தெளிப்பார். குடிக்க அல்ல, சூடு தணிய. ஐந்து கோடை இப்படி ஒன்பது குழியையும் மழைக்குக் கொண்டு சேர்த்தார்.

இரண்டாயிரத்து மூன்றில் முடியவில்லை. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் மழை பொய்த்திருந்தது. மைதானத்துக் கிணறு காலையில் ஒரு மணி நேரம் ஓடினால் மோட்டார் காற்றை இழுத்தது. பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு மைதானத்தின் மேல் ஆத்திரம். "நம்ம தென்னை தலையத் தொங்கப் போட்டிருக்கு. வெள்ளக்காரன் பந்துக்குப் புல்லு கேக்குது" என்பார்கள். மாமா எல்லோரையும்விட அதிகமாகத் திட்டினார். வேலியோரம் நின்று, "இந்தப் புல்லு எரிஞ்சு சாம்பலாப் போகணும்" என்று அவர் கத்தியதை ஊரே கேட்டது.

ஜூன் தொடக்கத்தில் முதலாளியும் விருந்தாளிகளும் விளையாட வருவதாக இருந்தது. வைகாசி நடுவில், நாலே நாளில், ஒன்பதாவது குழியின் புல் செத்தது. மற்ற எட்டும் பச்சையாக இருந்தன.

மேனேஜர் அண்ணனை அந்தக் காய்ந்த புல்லின் மேலேயே நிற்க வைத்துக் கேட்டார். பக்கத்தில் இருந்த பொன்னுத்தாயி காதால் கேட்டது இது.

"எட்டுக் குழி நல்லா இருக்கு. என் ஜன்னலுக்கு நேரா இருக்கறது மட்டும் எப்படி மேஸ்திரி சாகும்?"

"தண்ணி பத்தல சார்."

"எட்டுக்குப் பத்தின தண்ணி ஒன்பதாவதுக்கு எங்க போச்சு?"

"அம்புட்டுத்தான் சார் இருந்துச்சு."

"வேலிக்கு அந்தப் பக்கம் உங்க மாமா தோப்புத்தானே?"

அண்ணன் குனிந்து காய்ந்த புல்லில் ஒரு கணுவைக் கிள்ளி எடுத்தார்.

அன்று பிற்பகலே வேலியோரம் தோண்டினார்கள். ஒரு பழைய குழாய் அகப்பட்டது. அந்த நிலம் தோப்பாக இருந்த காலத்தில் யாரோ பதித்தது. உள்ளே மண் அடைத்து எறும்பு குடியிருந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் போயிருக்க முடியாது. ஆனாலும் குழாய் மாமா தோப்பைப் பார்த்து இருந்தது. மேனேஜருக்கு அது போதும். என்னைக் கேட்டால், அது அங்கே இருப்பதை அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படிப்பவர்களில் ஒருவராகக்கூட இருக்கலாம்.

எனக்குச் செய்தி வந்தபோது குழாய் விவரம் வரவில்லை. மேஸ்திரி கிரீன் நாலே நாளில் கருகியது என்று மட்டும் வந்தது. வெயிலுக்குப் புல் அப்படியா சாகும்? களைக்கொல்லிதான் என்று முடிவு கட்டினேன். களைக்கொல்லி என்றால் ஊற்றியவர் மாமாதான் என்றும் முடிவு கட்டினேன். மறுநாள் காலை பஸ் ஏறித் தேவதானப்பட்டியில் இறங்கினேன். மாமா டீக்கடை பெஞ்சில் இருந்தார். மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை எனக்கு. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னத்த ஊத்துனீக மாமா?"

"டீதான் ஊத்திருக்கு. குடிக்கிறியா?" என்றார். நான் விளையாட வந்ததாக நினைத்துவிட்டார்.

"அண்ணன் நட்ட புல்லுல களைக்கொல்லி ஊத்துனது நீங்கதான?"

மாமா கிளாஸைக் கீழே வைத்தார். "ஏத்தா, நான் வையத்தான் வைஞ்சேன். வைஞ்சா புல்லு காயும்னா, எங் கெணத்த வைஞ்சே தண்ணி ஊற வச்சிருக்க மாட்டேனா?"

யாரோ சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஏறியது. "கூடப் பொறந்தவ மகன் பொழப்புல மண்ணப் போட்டவரு" என்றேன். இன்னும் சில வார்த்தைகள் சொன்னேன், அவற்றை அச்சில் போட முடியாது. மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அந்த வேலைக்கு அவனக் கூட்டியாந்தவன் நாந்தான். அத மறந்துட்ட நீ" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் அண்ணனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கடைசி நாள் வாசலில் வாட்ச்மேன் அவருடைய தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விட்டான். புல்லையா அதில் கொண்டுபோகப் போகிறார்? காய்ந்த குழியின் மேல் பச்சைச் சாயம் கலந்த மணலைத் தூவி விருந்தாளிகளை விளையாட விட்டார்களாம்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? அண்ணன் மாமாவுக்குத் தண்ணீரைத் திருட்டுத்தனமாக விட்டார், மாட்டிக்கொண்டதும் தங்கச்சியை அனுப்பி டீக்கடையில் சண்டை போடுவது மாதிரி நடிக்க வைத்தார் என்றது. நான் போட்ட சண்டையே அண்ணனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அண்ணன் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போனார். பந்தல் கட்டுவார், கவாத்து வெட்டுவார், மருந்து அடிப்பார். தண்ணீர் பாய்ச்ச மட்டும் மாட்டார். "நீர்பாய்ச்சி வீட்டுப் பிள்ள, வால்வத் தொறந்து விடப்பா" என்று தோட்டக்காரர் கேட்டால், "வேற ஆளச் சொல்லுங்கண்ணே" என்பார். ஆறு வருடம் ஒரு வால்வைத் தொடவில்லை. பிறகு சளி என்று ஆரம்பித்தது, நுரையீரல் என்றார்கள். திராட்சைக்கு அடித்த மருந்துதான் காரணம் என்பது என் சந்தேகம். டாக்டர் அது காரணம் இல்லை என்றார். டாக்டர் சொன்னதையும் நான் முழுதாக நம்பவில்லை.

தேனி ஆஸ்பத்திரியில் ஒரு நாள் நேராகவே கேட்டேன். "அண்ணே, அந்தப் புல்லு எப்படித்தான் செத்துச்சு?"

"இன்னுமா அதத் தூக்கிக்கிட்டுத் திரியுற?" என்று சிரித்தார். இருமல் நின்றதும், "மாமா வந்தாகளா?" என்று கேட்டார்.

நான் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு நான் சொல்லி அனுப்பவே இல்லை. நாலு நாளில் அண்ணன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாட்டுக்குப் பிறகு பொன்னுத்தாயி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஈசுவரியக்கா, மேஸ்திரி கிரீனுக்குத் தண்ணி விடாம நிறுத்துனது மேஸ்திரிதான். நான் ஹோஸ அங்கன இழுத்துட்டுப் போனேன். வேணாம்னுட்டாக. 'ஒம்பதுக்கும் பிரிச்சா ஒம்பதும் போயிரும் பொன்னு. எட்டக் காப்பாத்துவோம். இது நம்மது, இது கெடக்கட்டும்'னு சொன்னாக. எட்டும் மழைக்கு நின்னுச்சுக்கா."

"ஆறு வருசமா எங்க போயிருந்த நீ?" என்று கத்தினேன்.

"எனக்கும் அங்கனதான கஞ்சி? சொல்லிருந்தா என்னையும் அனுப்பிருப்பாக. மேஸ்திரியும் சொல்லாதன்னுட்டாக."

நான் நம்பவில்லை. இழவு வீட்டில் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே அங்கே டிராக்டர் ஓட்டியவரைத் தேடிப் போய், பொன்னுத்தாயி பெயரைச் சொல்லாமல் விசாரித்தேன். அவரும் அதையே சொன்னார்.

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. மார்க்கையன்கோட்டை வாய்க்காலில் தண்ணீர் குறைந்த வருடங்களில் நீர்பாய்ச்சிதான் எந்த வயல் பிழைக்கும், எந்த வயல் காயும் என்று முடிவு செய்ய வேண்டும். முதலில் காய வேண்டியது அவனுடைய சொந்த வயல். அதை அவன் வாயால் சொல்லக் கூடாது. வரப்பில் போகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீர்பாய்ச்சி வயல் காய்ந்து கிடந்தால் அந்த வருடம் யாரும் அவனைச் சந்தேகப்பட மாட்டார்கள். எங்கள் வீட்டில் எத்தனையோ வருடம் கடை அரிசி தின்றிருக்கிறேன். அதே வீட்டில் வளர்ந்த எனக்கே அந்தக் காய்ந்த புல்லைப் பார்த்து இது புரியவில்லை. வெளியூர் மேனேஜருக்கு எப்படிப் புரியும்? நம் ஊரில் ஒருவனை யோக்கியன் என்று காட்டுவது அங்கே அவரைத் திருடன் என்று காட்டிவிட்டது. சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு அண்ணன் மேல் இன்னும் இருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பொன்னுத்தாயிக்கும் டிராக்டர் ஓட்டுநருக்கும் தாமதமாகவாவது வாய் திறந்ததற்கு நன்றி. அண்ணன் படுத்த பிறகும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த காமயகவுண்டன்பட்டித் தோட்டக்காரருக்கு நன்றி. மூன்று மாதம் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்த மதினிக்கு நான் நன்றி சொன்னால் அடிப்பார். அந்த மேனேஜருக்கு நன்றி இல்லை.

சின்ன மாமா நான் சொல்லாமலே துக்கத்துக்கு வந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று முறைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் நேரே போய் அண்ணன் பாடையில் தோள் கொடுத்தார். மாமா, நாலு பேர் முன்னால் உங்களை அப்படிக் கேட்டேன். வீட்டுக்கு வந்து மூலையில் நின்று மன்னிப்புக் கேட்டால் அது நியாயம் இல்லை. அதனால் சொந்தபந்தம் அத்தனை பேரும் படிக்கும் இந்த மலரில் கேட்கிறேன். நீங்கள் எதையும் ஊற்றவில்லை. நான் சொன்னது தப்பு. என்னை மன்னிக்க வேண்டும்.

மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அண்ணன் யாருக்கும் தண்ணீர் விடவில்லை. ஒன்பதாவது குழியைக் காயவிட்டது அவர்தான். அவர் நட்டது என்பதால்தான் காயவிட்டார். இதைப் படித்த பிறகும் யாருக்காவது சந்தேகம் இருந்தால் மதினியைப் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். நான் மில்லில்தான் இருப்பேன். என்னிடம் வாருங்கள்.