அடுத்த வெள்ளிக்கு எழுதிய தட்டைவடை

முதலில் தெரிந்தது கண் இமை. ஒரு காலை என் மகள் தர்சினி எழும்பி வந்தபோது இரண்டு இமைகளும் ஊதியிருந்தன. பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்தேன். மத்தியானம் நேசறிப் பள்ளியிலிருந்து வந்து மேஸைக் (காலுறையை) கழற்றினாள். றப்பர் இறுகிய இடம் பள்ளமாய் நின்றது. பின்னேரம் வரை அது நிரம்பவில்லை. அவளுக்கு அப்போது ஐந்து வயது.

கோப்பாயிலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு என் கணவர் சைக்கிள் மிதித்தார். தர்சினி முன்பாரில், நான் பின்கரியரில். மின்சாரம் நின்றுபோய், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் அது. டொக்டர் சொன்ன பெயர் நெப்ரோட்டிக் சின்ட்ரோம் (சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, உடம்புக்குத் தேவையான புரதம் சிறுநீரோடு போய்விடும் நோய்). பிரெட்னிசொலோன் (நோயை அடக்கும் மாத்திரை, பசியைக் கூட்டும், கிருமிகளை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும்) எழுதித் தந்தார். வீக்கம் வற்றும்வரை உப்பு வேண்டாம் என்றார்.

"எத்தினை நாளைக்கு டொக்டர்?"

"நாள் சொல்லேலாது பிள்ளை. முதல் புரதம் போறது நிக்கட்டும்."

நான் பள்ளிக்கூடத்தில் மனையியல் படித்தவள். கிழமைக்கான உணவு அட்டவணை போட்டுப் புள்ளி வாங்கியவள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பித் தாளில் கோடு கீறி ஏழு நாளுக்கும் எழுதினேன். பயம் வந்தால் எனக்கு எழுத வேண்டும்.

இரண்டு அடுப்பு மூட்ட விறகில்லை. அவளுக்குப் புறம்பாகச் சமைக்க நேரமுமில்லை. ஆகவே வீடு முழுவதுக்கும் உப்பில்லாத ஒரே சட்டி. பெரியவர்கள் தங்கள் சாப்பாட்டுக் கோப்பையில் உப்புப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அரிசிமா வறுப்பது கிழமைக்கு ஒருமுறை. ஒரு தேங்காயில் பாதி பிட்டுக்கு, பாதி சொதிக்கு. பூசணிக்காய் வாங்கினால் இரண்டு நாள். கிளினிக் போகும் புதன்கிழமைகளில் முதல்நாளே வெட்டி வைத்த மரக்கறி. அவளுக்கு மட்டும் தினம் ஒரு முட்டை. உப்பின் குறை தெரியாமலிருக்கத் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி, மிளகு, சீரகம். பாண் (ரொட்டி), பிஸ்கற், கருவாடு, ஊறுகாய் எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. இந்த நோயுள்ள பிள்ளையை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

எங்களோடு இருந்த மச்சாள், என் கணவரின் அக்கா, இரண்டாம் நாளே சொன்னா: "உம்மடை கறியைத் திண்டால் வருத்தமில்லாத எனக்கும் வருத்தம் வரும்போலை கிடக்கு."

"கறிக்கு உப்புக் காணாதெண்டு ஆரும் குறை சொல்லேலாத ஒரே வீடு எங்கடைதான் அக்கா," என்றார் இவர். எல்லாரிலும் கூடுதலாகச் சிரித்தது தர்சினிதான்.

தினமும் காலையில் அவளுடைய சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்துத் தணலில் சூடாக்கிப் பார்க்க வேண்டும். புரதம் போனால் திரைந்த பால்போல வெள்ளையாகும். மூன்று கிழமை வெள்ளையாகவே இருந்தது. அட்டவணையில் எங்கே பிழை விட்டேன் என்று ஒவ்வொரு வரியாகத் தேடுவேன்.

நாலாம் கிழமை, உடுப்பிட்டியிலிருந்து மச்சாளின் சிநேகிதி ஒரு பை தட்டைவடை (உப்பும் உறைப்பும் சேர்த்து மொறுமொறுவெனப் பொரித்த வடை) கொண்டுவந்தா. நான் அதைத் தகர ரின்னில் போட்டு மேலே வைத்தேன். ரின்னைத் திறந்தால் தர்சினி எங்கிருந்தாலும் வந்துவிடுவாள்.

"அம்மா, மணந்து பாக்கட்டே? மணத்திலை உப்பு இல்லைத்தானே."

ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மூக்கில் வைத்து நெடுநேரம் மணந்தாள். பிறகு தானாகவே திருப்பித் தந்தாள்.

அடுத்த கிளினிக்குக்கு முன் மூன்று நாள் தொடர்ந்து குழாய் தெளிவாக இருந்தது. வீக்கமும் வற்றி, பழைய முகம் வந்திருந்தது. புதன்கிழமை டொக்டர் சிரித்தார். "இனிக் கொஞ்சம் கொஞ்சமாய் உப்புச் சேருங்கோ."

"வடை தின்னலாமோ எண்டு கேளுங்கோ அம்மா," என்றாள் அவள், என் சேலையை இழுத்து. நான் கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேனா, ஓம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேனா, இன்றுவரை தெரியாது. இன்னும் ஒரு கிழமை தெளிவாக இருக்கட்டும், பிறகு கொடுப்போம் என்று நானே முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து அட்டவணையில் எழுதினேன்: அடுத்த வெள்ளி, தர்சினிக்கு ஒரு தட்டைவடை.

"எத்தினை நித்திரை?"

"ஒன்பது."

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். அழவில்லை. அழுதிருந்தால் கொடுத்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை காய்ச்சலும் வயிற்று நோவும். உடனே கொண்டு ஓடினோம். பெரிற்றோனைற்றிஸ் (வயிற்றின் உட்சவ்வில் கிருமி தொற்றுவது) என்றார்கள். இந்த நோயுள்ள பிள்ளைக்கு காய்ச்சலும் வயிற்று நோவும் சேர்ந்து வந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்காதீர்கள். நாங்கள் தாமதிக்கவில்லை. ஊசி மருந்தும் கிடைத்தது. புதன்கிழமை பின்னேரம் அவள் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து டொக்டரிடம் தனியே போனேன். அந்த அட்டவணைத் தாள்கள் எல்லாவற்றையும் மேசையில் விரித்தேன். அவர் பொறுமையாகப் படித்தார்.

"இதிலை ஒரு பிழையும் இல்லை பிள்ளை. கிருமி வந்ததுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை."

"உப்புச் சேர்க்கச் சொன்ன அந்தக் கிளினிக் புதன்கிழமை ஒரு தட்டைவடை குடுத்திருந்தால்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்டும் செய்திராது. சாப்பிட்டிருக்கலாம்."

நான் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அட்டவணை போடுவது பிழை என்று நான் எழுதவில்லை. அது விறகையும் காசையும் மிச்சப்படுத்தியது. அவளோடு இருக்க எனக்கு நேரம் தந்தது. ஆனால் மருத்துவர் அனுமதித்ததை அன்றைக்கே கொடுங்கள். நாளைக்கு என்று எழுதி வைக்காதீர்கள்.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். மருத்துவிச்சி சொன்ன பிள்ளைப்பேற்று நாளை இவர்தான் நினைவில் வைத்திருக்கிறார். எனக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. காலையில் எழும்பினால் மத்தியானம் வரைதான் நாள் தெரிகிறது. முன்பெல்லாம் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவேன். இப்போது வயிற்றில் பிள்ளை அசைந்தால், கறி பாதி வெந்திருந்தாலும் அகப்பையில் அள்ளி, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறேன். நாக்குச் சுடும். ஊதி ஆற்ற நான் நிற்பதில்லை.