தலைவாசலை மறைத்த அறை

எங்கள் வீட்டின் தலைவாசலை, எனக்குக் கலியாணம் நெருங்கும்வரை நான் தெருவில் நின்று பார்த்ததில்லை. அம்மாவின் அண்ணன், கலியாணம் கட்டாத என் மாமா, நான் பிறக்கமுன்பே முன் விறாந்தையைச் சுவர் வைத்து அடைத்துத் தையல் கடை ஆக்கியிருந்தார். துறைமுகத்து வெள்ளைக்காரருக்கு அவர் வெள்ளை உடுப்புத் தைத்த காலத்தில் அந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு போட்டது. அவர்கள் போனபிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார். வெட்டு மேசைதான் அவருக்குக் கட்டில். நாங்கள் பக்கத்துச் சந்தான ஒழுங்கையால் சுற்றி, சமைக்கிற குசினி வழியாக வீட்டுக்குள் போய் வந்தோம். எனக்கு அது மானக்கேடாக இருந்தது.

கிளிவெட்டி ஊரில் இருந்து வயல்காரக் குடும்பம் ஒன்று என்னைப் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் தாய் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி குசினிப் படியில் நின்றார்.

"நிறைகுடம் வைக்க ஒரு வாசல் இல்லையோ? குசினிக்குள்ளாலயோ என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவியள்?"

அம்மாவுக்கு முன் நான்தான் வாயைத் திறந்தேன்.

"கலியாணத்துக்கு முதல் முன்னறையை இடிச்சுப்போடுவம் மாமி."

கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. மாமா கேட்டுவிட்டார் என்று தெரிந்தும் நான் குரலைத் தணிக்கவில்லை.

அன்று பின்னேரம் அவர் என்னிடம் வந்தார்.

"பாதியை இடிச்சாக் காணாதோ பிள்ளை? மெஷினுக்கும் எனக்கும் கொஞ்ச இடம் போதும்."

"வீடு என்ர சீதனம். உங்களுக்கு இதில என்ன உரித்து இருக்கு?" என்றேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆணுக்குக் கலியாணம் கட்டிக்கொண்டு போகிற இடத்தில் வீடு கிடைக்கும். அவர் எங்கும் போகவில்லை, எங்களுக்காகத் தைத்தே நரைத்தவர். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

"ஓம், சரி பிள்ளை," என்றார்.

அந்த அறையில் அவர் கடைசியாகத் தைத்தது என் கலியாணச் சட்டை. தைத்து முடித்த மறுநாள் சுவரை இடிக்க மேசன் வந்தார். ஏறிய ஏணியை எட்டி உதைப்பது என்பார்கள். நாங்கள் மாமா என்ற ஏணியைப் பின்வளவு விறகுக் கொட்டிலில் கொண்டுபோய்ப் போட்டோம், மெஷினோடு சேர்த்து. சுவர் விழுந்ததும் தாமரை செதுக்கிய இரட்டைக் கதவு வெளியில் வந்தது. கல்படி இரண்டும் சீமெந்துக்கு அடியில் முழுசாக இருந்தன. அந்த வாசலில் நிறைகுடம் வைத்து மாப்பிள்ளையை அழைத்தோம். எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. மாமா வழக்கம்போலக் குசினியால் வந்து, கடைசிப் பந்தியில் இருந்து சாப்பிட்டார்.

கொட்டிலைத் தேடிச் சட்டை தைக்க ஒருவரும் வரவில்லை. மார்கழி மழையில் கூரை ஒழுகி மெஷின் துருப்பிடித்தது. கூரைக்கு மேல் விரிக்க ஒரு தறப்பாள் வாங்கித் தரச்சொல்லி மாமா கேட்டார். பார்ப்பம் என்றேன். பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் என் கணவர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். அது இரண்டு கிழமை தலைவாசலில் நின்றது.

"மழையும் கடல் காத்தும் பட்டா இரும்பு துருப்பிடிச்சுப்போகும். முன்னுக்கு ஒரு அறை கட்டுவம்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஓம் என்றேன். அன்று வாசல் கேட்ட மாமிக்கும் அது சம்மதம். நிறைகுடம் வைக்கிற அலுவல்தான் முடிந்துவிட்டதே.

அதே மேசன் வந்தார். இடித்த சுவரில் இருந்து பின்வளவில் அடுக்கியிருந்த அதே கற்களை எடுத்து வந்து, அத்திவாரம் வெட்ட அலவாங்கை ஓங்கினார். மாமா கொட்டிலில் இருந்து மெல்ல நடந்து வந்தார். உடுத்திருந்த சாரத்தை மடித்துக் குந்தி, மண்ணைக் கையால் விலக்கினார்.

"வெட்டத் தேவையில்லை தம்பி. நான் போட்ட அத்திவாரம் அப்பிடியே கிடக்குது. இதிலயே எழுப்புங்கோ."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு மூலையைக் கேட்டுவிடுவாரோ என்று பயந்து நான் முந்திக்கொண்டேன்.

"மோட்டார் சைக்கிளுக்கே இடம் காணாது மாமா."

"நான் கேக்கேல்லையே பிள்ளை," என்றார். கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, குசினிப் பக்கத்தால் கொட்டிலுக்குப் போனார்.