ஏழாவது ரொட்டி

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நடந்தது எனக்கு அல்ல, ஜிபாருக்கு. ஆனால் கடைசியில் வந்த ஃபோன் பேச்சை என் இரண்டு காதாலும் கேட்டேன். அதற்கு முன்னால் நடந்த காரியத்தில் என் வாய்க்கும் பங்கு இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அல்மாத்தியில் எங்களுடையது சின்னத் தையற்கூடம். பஞ்சு வைத்த கோட்டு தைப்போம். பனிக்காலத்தில் ஆர்டர் குவிந்தால் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஆள் கூப்பிடுவார்கள். அப்படி மூன்று மாத வேலைக்கு நாரின் என்ற மலை ஊரிலிருந்து வந்தவள்தான் ஜிபார். கிர்கிஸ் பெண். முப்பத்தாறு வயது. அதிகம் பேச மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசினேன்.

அவள் வந்தது கோட்டு தைக்க மட்டும் இல்லை என்று பத்தாவது நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழு வருடத்துக்கு முன் அவள் கணவன் மெலிஸ் கட்டட வேலைக்கென்று இதே அல்மாத்திக்கு வந்தான். இரண்டு மாதம் ஃபோன் வந்தது. அப்புறம் இல்லை. இருக்கிறானா, செத்தானா, ஒரு தகவலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜிபார் அவன் படத்தை எடுத்துக்கொண்டு கூலியாட்கள் நிற்கும் சந்தைக்குப் போவாள். ஒவ்வொருவரிடமும் காட்டுவாள். சாயங்காலம் கை விறைத்துத் திரும்பி வருவாள்.

"கண்டுபிடிச்சு என்ன செய்யப் போற? காதைத் திருகி இழுத்துட்டுப் போவியா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சா போதும் அக்கா" என்றாள். "ஊர்ல ஒரு வாத்தியார் பொண்ணு கேட்டு அனுப்பியிருக்கார். பொண்டாட்டி செத்துப் போனவர். நல்ல மனுஷன். மார்ச்சுக்குள்ள பதில் சொல்லணும். நான் என்னன்னு சொல்லுவேன்? பொண்டாட்டியா, விதவையா, எனக்கே தெரியலையே."

அவளுக்குக் கிடைத்த வீடு ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடத்தில், நாலாவது மாடி. ஒரு அறை, ஒரு அடுப்படி. எதிர்வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு மகளிடம் போயிருந்தார்கள். அந்த மாடியில் இவள் ஒருத்திதான். காலையில் எழுந்தால் பேச ஆள் கிடையாது. கெண்டியோடு பேச ஆரம்பித்துவிட்டேன் என்று ஒருநாள் அவளே சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தனியாக இருப்பவர்களுக்கு வீட்டு ஞாபகம் வயிற்று வழியாகத்தான் வரும். ஜனவரி எட்டாம் தேதி, வியாழக்கிழமை, வேலை முடிந்து வந்தவள் மாவைப் பிசைந்தாள். ஷெல்பெக் என்கிற எண்ணெய் ரொட்டி சுட்டாள். எங்கள் வழக்கம் அது, அவர்களுக்கும் அதேதான். வெள்ளிக்கு முந்தின சாயங்காலம் எண்ணெய் காய வேண்டும். ஏழு ரொட்டி பொரிக்க வேண்டும். மணம் எழும்ப வேண்டும். இறந்தவர்கள் அந்த மணத்திலேயே பசியாறிப் போவார்கள். ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு பெயர் சொல்வோம். முதலாவது அவள் அப்பாவுக்கு. அப்புறம் மாமனாருக்கு. அப்படியே ஆறு. ஏழாவதைப் பெயர் சொல்ல ஆளில்லாதவர்களுக்கு என்று வைத்தாள்.

மெலிஸ் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மாமியார் விட மாட்டாள். உயிரோடு இருப்பவன் பெயரை அந்த எண்ணெயின் மேல் சொல்லக் கூடாது, சொன்னால் அவனும் போய்விடுவான் என்பாள்.

மணி 6.07.

மாடிப்படியில் காலடிச் சத்தம்.

அந்தக் கட்டடத்தின் தெருக்கதவு இரும்பு. யார் திறந்தாலும் எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி 'பீப்' என்று கத்தும். அன்று அது கத்தவில்லை. காலடி மட்டும் வந்தது. மெதுவாக. மாடிக்கு மாடி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு... அவள் கதவுக்கு வெளியே வந்து நின்றது.

பூட்ஸில் இருந்த பனியை உதறும் சத்தம்.

டொம். டொம். ...டொம்.

அவ்வளவுதான். கதவைத் தட்டவில்லை. ஜிபார் கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தாள். மிதியடி சொதசொதவென்று நனைந்திருந்தது. படிக்கட்டு எலும்பு மாதிரி உலர்ந்து கிடந்தது.

மறுநாள் சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? கேலி செய்தேன்.

"நாலு மாடி ஏறி வந்திருக்கே, அந்த ஆவிக்கு மூட்டுவலி கிடையாது போல! எனக்கு ரெண்டாவது மாடியிலேயே உயிர் போகுது."

"விளையாடாதீங்க அக்கா."

"மலைக்காரி, உங்க ஊர்ல ஓநாயோட படுத்து எந்திரிப்பீங்க. இங்க ஒரு மிதியடி நனைஞ்சதுக்கு இந்த ஆட்டமா?"

அடுத்த வியாழன், பதினைந்தாம் தேதி. ரொட்டி சுட்டாள். ஏழாவதை எண்ணெயிலிருந்து எடுத்தாள். மணி 6.07. தெருக்கதவு கத்தவில்லை. காலடி வந்தது. நடுவில் இருமல். ஆழமான, நெஞ்சைப் பிளக்கிற இருமல். பிறகு கதவுக்கு வெளியே...

டொம். டொம். ...டொம்.

இந்தத் தடவை ஜிபாருக்கு அடையாளம் தெரிந்தது. இடது, இடது, கொஞ்சம் பொறுத்து வலது. எட்டு வருடம் நாரின் வீட்டு வாசலில் அவள் கேட்ட சத்தம் அது. மெலிஸ் வேலையிலிருந்து வந்தால் அப்படித்தான் உதறுவான். வலது முழங்காலில் அவனுக்கு அடி. அந்தக் காலை யோசித்துத்தான் ஊன்றுவான்.

இருபத்திரண்டாம் தேதி. ரொட்டி சுட வேண்டாம் என்றுதான் நினைத்தாளாம். ஆனால் ஐந்தரை ஆனதும் கை தானாக மாவுக்குப் போயிருக்கிறது. பயம் ஒரு பக்கம். ஏழு வருடக் காத்திருப்பு ஒரு பக்கம். அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

6.07. காலடி. இருமல். டொம். டொம். ...டொம்.

கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"யாரது?"

மூச்சு மட்டும்.

"மெலிஸ்?"

கதவின் கைப்பிடி இறங்கியது. மெல்ல... கீழே வரை. பிறகு மேலே வந்தது. மறுபடி இறங்கியது. பூட்டு போட்டிருந்தது. ஜிபார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். திறக்கவில்லை.

மறுநாள் வந்தவளைப் பார்த்து எனக்குக் கேலி வரவில்லை. முகம் வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பெரிய ஞானி மாதிரி.

"அவன் செத்துட்டான்டி. ஏழு வருஷமா பேர் சொல்ல ஆளில்லாம அலையறான். நீ பேரில்லாதவங்களுக்குன்னு வைக்கிற ரொட்டிக்கு வர்றான். பேரைச் சொல்லிச் சுடு. வாசல்ல வை. சாப்பிட்டுப் போயிடுவான். நீயும் பொழைச்சுப்ப."

"அத்தை சொல்லியிருக்காங்க அக்கா, உயிரோட இருந்தா..."

"உயிரோட இருக்கிறவன் கதவைத் தட்டி, 'நான்தான், திற'ன்னு சொல்ல மாட்டானா?"

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். உள்ளுக்குள் அவளுக்கு ஒரு ஆசையும் இருந்தது. பிறகு அவளே அழுதுகொண்டு சொன்னாள். செத்திருந்தால் நல்லது, வாத்தியாருக்குப் பதில் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டாளாம். ஒரே ஒரு நிமிடம்.

ஜனவரி இருபத்தொன்பது. வியாழக்கிழமை.

ஆறு ரொட்டிக்கு ஆறு பெயர். ஏழாவதை எண்ணெயில் போட்டாள். அது உப்பியது. சத்தமாகச் சொன்னாள்.

"இது கஞ்சிபெக் மகன் மெலிஸுக்கு. இறந்துபோன மெலிஸுக்கு."

அதைத் தட்டில் வைத்தாள். கதவைத் திறந்து மிதியடிமேல் வைத்தாள். உடனே மூடினாள். பூட்டினாள். சங்கிலியும் போட்டாள்.

6.07.

காலடி.

இந்தத் தடவை எந்த மாடியிலும் நிற்கவில்லை. இருமல் இல்லை. வேகமாக வந்தது...

நின்றது.

பூட்ஸை உதறவில்லை.

தட்டு தரையில் லேசாக நகர்ந்தது.

மெல்லும் சத்தம்.

பசியோடு... அவசரமாக...

அப்புறம் அமைதி.

இறங்கிப் போகும் காலடி கேட்கவே இல்லை.

மணி 6.22. ஜிபார் கதவைத் திறந்தாள். தட்டு காலி. ஒரு பொருக்குகூட இல்லை. விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கட்டை விரல் ரேகை. மிதியடி முதல் தடவையாக உலர்ந்து இருந்தது.

அங்கேயே வாசலில் உட்கார்ந்து அழுதாளாம். ஏழு வருடமாக அழவும் முடியாமல் வைத்திருந்த அழுகை. வெள்ளிக்கிழமை கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதோம். எனக்குள்ளே ஒரு பெருமை. நான் சொன்ன யோசனைதானே பலித்தது! ஊருக்குப் போனதும் வாத்தியாருக்குச் சரி என்று சொல்லப் போகிறேன் என்றாள். முகத்தில் தெளிவு வந்திருந்தது. அந்த ஒரு நாள்தான்.

சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில் அவள் மாமியார் கூப்பிட்டாள். ஜிபாரின் ஃபோனில் காதுப்பக்கம் பழுது, எல்லாமே வெளியே கேட்கும். அதனால் எனக்கும் கேட்டது.

"ஜிபார்... மெலிஸ் போயிட்டான்ம்மா."

"தெரியும் அத்தை. அவர் எப்பவோ போயிட்டார்."

"எப்பவோ இல்லடி. முந்தாநாள். வியாழக்கிழமை."

ஜிபார் கையிலிருந்த டீக்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வைக்கத்தான் வைத்தாள், அது உருண்டு விழுந்தது.

மெலிஸ் தராஸில் இருந்திருக்கிறான். எங்கள் ஊரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர். ஸவ்லே என்ற பெண்ணோடு ஆறு வருடம். செங்கல் சூளையில் காவல் வேலை. புதுவருடத்திலிருந்து நெஞ்சில் நோய், படுத்த படுக்கை. அவன் போன பிறகு அந்தப் பெண் பழைய பாஸ்போர்ட்டில் இருந்த விலாசத்தைப் பார்த்து ஊருக்குத் தகவல் சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே ஸவ்லேயும் கூப்பிட்டாள். திட்டுவதற்குத் தயாராக நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டவில்லை. அவள் குரல் அப்படி இருந்தது.

"அக்கா, நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க. கேட்டுக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். வியாழக்கிழமை சாயங்காலம் நீங்க ரொட்டி சுடுவீங்களா?"

நான்தான் "ஏன்?" என்றேன்.

"இந்த மாசம் ஒவ்வொரு வியாழனும் ஆறு மணிக்கு மேல அவர் உடம்பு கட்டை மாதிரி ஆயிடும். ஐஸ் மாதிரி சில்லுன்னு... மூச்சு இருக்கான்னு கண்ணாடி வச்சுப் பார்ப்பேன். கால் மணி நேரம். அப்புறம் முழிச்சுக்குவார். எங்க போனீங்கன்னு கேட்டா, 'வீட்ல ஷெல்பெக் வாசனை வந்துச்சு, பசியில போனேன்'னு சொல்வார். 'படியேற முடியல. அவ கதவைத் திறக்கல'ன்னு அழுவார். மூணு வாரமும் இதே பேச்சு. ஜுரத்துல உளர்றாருன்னு நினைச்சேன்."

"கடைசி வாரம்?" ஜிபாரின் குரல் எனக்கே கேட்கவில்லை. ஸவ்லேக்குக் கேட்டது.

"கடைசி வாரம் அவர் முழிச்சப்போ மணி பார்த்தேன். ஆறு இருபத்திரண்டு. வாயைத் தொடைச்சார். உதட்டுல எண்ணெய் மினுமினுத்துச்சு அக்கா, சத்தியமா. எங்க வீட்ல அன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல. 'சாப்பிட்டீங்களா?'ன்னு கேட்டேன். 'குடுத்தா'ன்னார்."

அவள் அங்கே மூக்கைச் சிந்துவது கேட்டது.

"'குடுத்தா. ஆனா உள்ள கூப்பிடல'ன்னார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான்."

ஃபோன் எப்போது நின்றது என்று தெரியாது. ஜன்னலுக்கு வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. ஜிபார் வெகு நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பூட்டும் சங்கிலியும் போட்ட கையை. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ராய்கான் அக்கா, அவர் உயிரோடதான் வந்திருக்கார். நான் கதவைத் திறந்து வாங்கன்னு கூப்பிட்டிருந்தா... இருந்திருப்பாரா?"

முல்லாவிடம் கேட்டுப் பார்த்தேன். டாக்டர் ஒருவரிடமும் கேட்டேன். இரண்டு பேரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். வாத்தியாருக்கு ஜிபார் முடியாது என்று சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு பனிக்காலம் போய்விட்டது. இன்னமும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் நாரினிலிருந்து ஃபோன் செய்து, அதே கேள்வியைத்தான் கேட்கிறாள்.