ரெண்டு சுவர்க் கிருமியும் செல்வமணியோட காலும்

கிருமிக்குச் சாயம் போட்டுப் பார்க்கிற வேலையில, கிருமி பிடிக்குதோ இல்லையோ, சாயம் முதல்ல நம்மளப் பிடிச்சுக்கும். லேப்ல குப்பை கொட்டுற சகோதர சகோதரிகளே, உங்க கதையும் இதுதானே?

ஊதா விரல்

தேர்தல் முடிஞ்ச மறுநாள், தலத்தெருவுல எங்க வீட்டுப் பக்கத்துக் கடையில பால் பாக்கெட் வாங்கக் கையை நீட்டினேன். அஞ்சு விரலும் ஊதா. எலுமிச்சம்பழத்துக்கும் மசியாத கறை. கடைக்காரர் என் விரலையும் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்தார்.

"ஏம்மா பிலோமினா, நாங்கள்லாம் ஆளுக்கு ஒரு ஓட்டுதான் போட்டோம். நீங்க குடும்பத்துக்கே சேர்த்துப் போட்டுட்டீங்களா?"

கெளுத்தி முள்

காரைக்கால்மேட்டுல வலையை உதறும்போது விழுந்த கெளுத்தி மீனை மிதிச்சு, மீனவர் செல்வமணிக்குக் கால்ல முள் ஏறிடுச்சு. எங்க ஆஸ்பத்திரியில சேர்த்து மருந்து போட்டும் வீக்கம் ஏறிக்கிட்டே இருந்துது. முழங்காலைத் தாண்டினா காலையே எடுக்கவேண்டி வரலாம்னு டாக்டர் சொல்லிட்டார். புண்ணுலேர்ந்து எடுத்த சீழைக் கண்ணாடித் தகட்டுல தேய்ச்சு, ஊதாச் சாயம் ஊத்தி, ஸ்பிரிட்டால கழுவி, சிவப்புச் சாயம் போட்டேன். தடிச்ச சுவர் உள்ள கிருமி ஊதாவைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். மெல்லிசுச் சுவர்க்காரன் விட்டுட்டு ரோஸாயிடுவான். இது ரோஸ்!

லேப் வாசல்லயே நின்ன அவர் மனைவி வள்ளிகிட்ட சொன்னேன்: "சுவர் மெல்லிசுதாங்க. ஆனா அதுக்கு வெளியில கொழுப்பால இன்னொரு உறை இருக்கு. இப்ப போடுற மருந்து அதைத் தாண்டாது." அழுதுகிட்டிருந்தவங்க சீறினாங்க.

"எங்க வீட்டுக்கு ஒத்தச் செவரு, அதுலயும் மழை ஒழுகுது. கண்ணுக்குத் தெரியாத கழுதைக்கு ரெண்டு செவரு கேக்குதா?"

டாக்டருக்கு வந்த சந்தேகம்

டாக்டர் நம்பலை. ஸ்பிரிட்டால அதிகமாக் கழுவினா ஊதாக் கிருமியும் வெளுத்து ரோஸாத் தெரியும். அவசரத்துல நான் அப்படிச் செஞ்சிருப்பேன்னு அவர் எண்ணம். எனக்கு வந்துச்சே கோபம்! புதுத் தகட்டுல ஒரு ஓரத்துல நிச்சயம் ஊதாவாகுற கிருமி, மறு ஓரத்துல செல்வமணியோட சீழ், ரெண்டுக்கும் ஒரே சாயம், ஒரே கழுவல். அது ஊதாவாவே நின்னுது, இது மறுபடி ரோஸ். டாக்டர் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு ரெண்டு ஓரத்தையும் பார்த்துட்டு நிமிர்ந்தார்.

"சரி பிலோமினா, நீ ஜெயிச்ச, மருந்தை மாத்திடறேன். இதுக்கும் வீக்கம் ஏறுச்சுன்னா அந்தம்மாகிட்ட உன்னைத்தான் கைகாட்டுவேன்."

மூஞ்சியைக் காட்டுங்க

வீக்கம் வடிஞ்சுது. அப்பாடா, எனக்கு அன்னிக்குத்தான் சோறு இறங்குச்சு! வீட்டுக்குப் போற அன்னிக்குச் செல்வமணி, நொண்டிக்கிட்டேதான், ஆனா ரெண்டு காலாலயும் லேபுக்கு வந்து, "அவன் மூஞ்சியைக் காட்டுங்க"ன்னு நின்னார். கடல் தண்ணியில வளர்ற கிருமின்னு சொல்லி, தகட்டை வச்சுக் காட்டினேன். ரோஸ் ரோஸா வளைஞ்சு கிடந்ததுகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க கடல்ல பொறந்த பயதானே, பாவமாத்தாங்க இருக்கு. ஆனா காலு எனக்கு வேணும்ல!"

கண்ணுக்குத் தெரியாத கிருமியோட சுவரைக்கூடக் கண்டுபிடிச்சுடலாம் மக்களே, கண்ணெதிர்ல நிக்கிற டாக்டரை நம்பவைக்கத்தான் தனியா ஒரு சாயம் வேணும்.