இருட்டு கேட்ட செவ்வந்தி

எங்கள் தெருவுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தவன் ஞானையாவாகிய நான்தான். நானே சொல்லாவிட்டால் வேறு எவனும் சொல்லப்போவதில்லை. பதினோரு மனு எழுதினேன். போன ஆடியில் எதிர்வீட்டுக் காம்பவுண்டை ஒட்டிக் கம்பம் நட்டு எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினார்கள். கீழே விழுந்த ஊசியைப் பொறுக்கலாம், அப்படி ஒரு வெளிச்சம்.

எதிர்வீடு ஜெயபிரியாவுடையது. மஸ்கட்டில் இருபத்தாறு வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்பு ஊர் திரும்பியவள். ஓய்வாக உட்காருவாள் என்று பார்த்தால், வாசலில் இருபது தொட்டி வைத்துச் செவ்வந்தி வளர்க்கத் தொடங்கினாள். இந்தத் தூத்துக்குடியில்! போர்வெல் தண்ணீரும் உப்பு, காற்றும் உப்பு. முதல் வருடம் ஒரு செடிகூடத் தங்கவில்லை. இந்த வருடம் மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றினாள். கடற்காற்று பலமாக அடித்த மறுநாள் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தாள். நோயாளிக்கு முகம் துடைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

எங்கள் சர்ச்சில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குடும்பம் ஆல்டருக்கு, அதாவது பீடத்துக்கு, பூ வைக்க வேண்டும். நவம்பர் கடைசி ஞாயிறு ஜெயபிரியா குடும்பத்தின் முறை.

“இருவத்தாறு வருசமும் நான் அங்கன இருந்து துட்டு அனுப்ப, எங்க வீட்டுக்காரவுக இங்கன கடைப்பூ வாங்கி வச்சாக. இந்தத் தடவ நான் வளத்த பூதான். கடைப்பூ ஒண்ணுகூட வரக்கூடாது அண்ணாச்சி” என்றாள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இதைச் சொல்லிவிட்டாள். இனி பின்வாங்க முடியாது.

செப்டம்பர் முடியப்போகிறது. செடிகள் தளதளவென்று நிற்கின்றன, மொட்டைத்தான் காணோம். தண்ணீர்த்தொட்டியின் மறைவில் இருந்த நாலு செடியில் மட்டும் மொட்டு வந்திருந்தது. மூன்று நாள் அங்குமிங்கும் நின்று பார்த்தவள், நேரே என் வாசலுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, செவ்வந்திக்கு ராத்திரி நல்ல இருட்டு வேணும். இருந்தாத்தான் மொட்டு வைக்கும். ஒங்க லைட்டு அதுகள தூங்கவிட மாட்டேங்கு.”

“பதினோரு மனு எழுதி வாங்குன லைட்டு. ஒன் பூவுக்காவ அணைக்கச் சொல்லுதியா?”

“யாரு அணைக்கச் சொன்னா? பொம்பளப் பிள்ளைய டியூசன் முடிஞ்சு வார தெரு. ஒங்க வீட்டுல கெடக்க கருப்புத் தார்பாயக் குடுங்க, போதும்.”

வெளிச்சம் போதாமல் வாடுகிற செடியைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் கூடிப்போய்ப் பூக்காத செடியை இந்த எழுபத்திரண்டு வயதில் கேள்விப்பட்டதில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லித்தான் தார்பாயைக் கொடுத்தேன்.

பிளாஸ்டிக் குழாய்களை வளைத்துக் கூடு கட்டி, மாலை ஆறு மணிக்கு மூடுவாள், காலை ஏழுக்குத் திறப்பாள். ஒருநாள்கூடத் தப்பக்கூடாதாம். அவள் கணவன் தேவதாசன் முணுமுணுத்துக்கொண்டே தார்பாயின் மறுமுனையைப் பிடிப்பான். நான் என் வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பேன்.

மூன்றாவது வாரம் தேவதாசன் சென்னையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தான். இவளுக்குக் காய்ச்சல். மாலை ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது போன் வந்தது.

“அண்ணாச்சி, எந்திரிக்க முடியல...” அதற்கு மேல் கேட்கத் தயங்கினாள்.

“சரி, சரி, படு” என்று எரிந்து விழுந்துவிட்டு எழுந்து போனேன். பூக்கவில்லை என்றால் தார்பாயை ஒழுங்காக மூடவில்லை என்று பழி என்மேல் அல்லவா வரும்! அப்படியே எட்டு நாள் மூடினேன், திறந்தேன். இடையில் இலையையும் துடைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலை திறந்தபோது, மூன்று செடியின் நுனியில் மிளகு அளவில் மொட்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். மொட்டேதான்.

“ஏளா பிரியா, மொட்டு வச்சிருக்கு!”

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் தாங்க முடியாத சந்தோஷம். இரண்டையும் மறைக்கத் தெரியாமல், காய்ச்சலோடு ஏன் வெளியே வந்தாய் என்று திட்டினேன்.

மறைவில் இருந்த நாலும் முன்னாலேயே பூத்து ஓய்ந்துவிட்டன. மற்ற பதினாறில் ஐந்தின் பூக்களை ஐப்பசி மழை அழுகவைத்தது. மீதி பதினொன்றிலும் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். ஆல்டரில் இரண்டு பித்தளைக் குவளைகள் உண்டு. ஒன்று நிறைந்தது, மற்றது பாதிதான்.

“கடையில ரெண்டு கட்டு வாங்கிச் செருகிருவோமா?” என்றான் தேவதாசன்.

“பாதியா இருந்தா பாதியாவே இருக்கட்டும்” என்றாள் ஜெயபிரியா.

சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பவன் நான். ‘இன்றைய ஆல்டர் பூக்கள் தேவதாசன் குடும்பத்தாரின் காணிக்கை’ என்பது வருடா வருடம் அச்சாகிற வரி. அன்றும் தாளில் அதுவே இருந்தது. அச்சில் உள்ளதை விட்டு ஒரு சொல்லும் மாற்றிச் சொல்லாதவன் நான். அன்று தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

“இன்றைய ஆல்டர் பூக்கள், சகோதரி ஜெயபிரியா தன் கையால் வளர்த்தவை.”

தலைகள் திரும்பின. அவள் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவிப்புக்கு எங்கள் சபையில் யாரும் ஆமென் சொல்வதில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து தேவதாசன் சத்தமாக “ஆமென்” என்றான்.